கூலியும் கூழும்: இரு நாட்டு வாழ்வை ஒப்பிடும் அளவுகோலின் வரலாறு

1719ஆம் ஆண்டுக் கோடையில் இலண்டன் மாநகரத்து ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியின் பட்டு நெசவாளர்கள் தெருவில் திரண்டனர். இந்தியச் சீட்டித் துணியால் தைத்த ஆடை உடுத்துச் சென்ற பெண்களை வழிமறித்து அவ்வாடைகளைக் கிழித்தெறிந்தனர். வண்ணமிட்ட கீழைநாட்டுத் துணிகளின் இறக்குமதியை 1700ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து நாடாளுமன்றம் சட்டமியற்றித் தடுத்திருந்தது. அது போதாதென 1721இல், அச்சிட்ட பருத்தித் துணிகளை உடுத்துவதையே குற்றமாக்கும் மற்றொரு சட்டமும் பிறந்தது. குசராத்து, வங்காளம், சோழமண்டலக் கரை ஆகிய பகுதிகளின் தறிகள் தங்கள் வயிற்றில் அடிக்கின்றன என்பது இலண்டன் நெசவாளரின் முறையீடு. அதற்கு அவர்கள் காட்டிய தலையாய காரணம், இந்திய நெசவாளர் மிகச் சொற்பக் கூலிக்கு உழைக்கின்றனர் என்பது.

சொற்பக் கூலி என்னும் இத்தொடர் அன்றைய துண்டு வெளியீடுகளோடு மறைந்துவிடவில்லை. வணிகரின் கணக்கேட்டிலிருந்து அது வரலாற்று நூல்களுக்குள் நுழைந்து, நெடுங்காலம் ஐயத்திற்கு இடமற்ற உண்மையாக வழங்கி வந்தது. வராகனில் பெற்ற கூலியைச் சில்லிங்காக மாற்றிப் பார்த்தவர்க்கு அது சொற்பமாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் சேலத்து நெசவாளர் தம் கூலியைக் கொண்டு இலண்டன் கடைத்தெருவில் ரொட்டி வாங்கவில்லை. தம் ஊர்ச் சந்தையில் தானியம் வாங்கினார். அங்கே அக்கூலி எத்தனை படி அளந்தது? அவருடைய வாழ்வைப் பற்றிய வினா அதுவே. விடையைப் பொறுத்துப் பெரிதொன்று நிற்கிறது. 1720இல் தறியில் அமர்ந்திருந்தவர் ஏழையாகவே இருந்தாரெனில், 19ஆம் நூற்றாண்டில் அவர் வழிவந்தோர் பட்ட வறுமை பழங்கதையின் தொடர்ச்சி ஆகிவிடும். அன்று அவர் வயிறார உண்டு வாழ்ந்தாரெனில், அவ்வறுமைக்கு ஒரு பிறந்த நாள் உண்டு. அதைத் தேடியாக வேண்டும்.

இத்தகைய வினாவுக்கு விடை காணப் பொருளியலார் இன்று கையாளும் கருவி 'வாங்கும் ஆற்றல் சமநிலை' எனப்படுவது. நாணயத்தை நாணயத்தால் அளவாமல், அது பெற்றுத்தரும் பண்டங்களால் அளப்பது அதன் உட்கருத்து. 2017ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணிச் சந்தையில் ஒரு டாலருக்குச் சராசரியாக 65 ரூபாய் தரவேண்டியிருந்தது. ஆனால் அமெரிக்காவில் ஒரு டாலர் வாங்கும் பண்டங்களையும் சேவைகளையும் இந்தியாவில் பெறுவதற்கு 21 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகவே தேவைப்பட்டது என்பது பன்னாட்டுக் கணக்கீடு. ஒரே ஆண்டில் ஒரே மனிதரின் ஒரே வருமானம், முதல் அளவைக் காட்டிலும் இரண்டாம் அளவில் மும்மடங்காகி விடுகிறது. சென்னையில் முடிதிருத்துபவர் பெறும் கட்டணத்தை டாலராக்கி நியூயார்க்குக்குக் கொண்டு சென்றால், அங்குள்ள கடையின் நாற்காலியில் அமரக்கூட அது போதாது. எனினும் இரண்டிடத்தும் வெட்டுண்ட முடி ஒன்றுதான்.

இவ்வெண்ணம் நம் காலத்துக்கு உரியதன்று. அமெரிக்கக் கண்டத்து வெள்ளி ஸ்பெயின் நாட்டில் வந்து குவிந்த காலத்தில், சலமாங்கா மரபைச் சார்ந்த சமயச் சட்ட அறிஞர் மார்ட்டின் தெ அஸ்பில்குவேத்தா 1556இல் எழுதிய நூலொன்றில், பணம் மிகுந்த இடத்தில் அதன் மதிப்புக் குறைவு என்றும், அது அரிதான இடத்தில் மதிப்பு மிகுதி என்றும் எடுத்துக்காட்டினார். முதல் உலகப்போரால் நாணய மதிப்புகள் நிலைகுலைந்திருந்த 1918இல், சுவீடன் நாட்டுப் பொருளியலார் குஸ்தாவ் காசல் இன்று வழங்கும் பெயரை இதற்குச் சூட்டினார். அவர் நோக்கம் நாணயங்களுக்கிடையே நியாயமான மாற்று வீதத்தைக் காண்பது. மக்களின் வாழ்வை ஒப்பிடுவதன்று. மனித வாழ்வைப் பண்டங்களால் அளக்கும் முயற்சி வேறு வழிகளில் வளர்ந்தது. அவற்றுள் ஒன்று சிறைச்சாலை வழியாகச் சென்றது.

தாதாபாய் நவுரோஜி 1876இல் பம்பாயில் படித்த 'இந்தியாவின் வறுமை' என்னும் கட்டுரையில், ஓர் இந்தியரின் சராசரி ஆண்டு வருமானம் 20 ரூபாய் என்று கணக்கிட்டார். அக்காலத்தில் அது 40 சில்லிங்குக்கு நிகர். அவர் அத்தோடு நின்றிருந்தால், இந்தியாவில் எல்லாம் மலிவு, ஆகவே 20 ரூபாய் போதும் என்று ஆட்சியாளர் எளிதாக மறுத்திருப்பர். அம்மறுப்பை அவர் முன்கூட்டியே உணர்ந்தார் போலும். மாகாணச் சிறைகளின் ஆண்டறிக்கைகளைத் திரட்டி, ஒரு கைதியின் உணவுக்கும் உடைக்கும் அரசு செய்யும் செலவைப் பட்டியலிட்டார். கடல்கடந்து செல்லும் கூலிகளுக்குக் கப்பலில் அளிக்க வேண்டுமென வகுக்கப்பட்ட உணவுத் திட்டத்தையும் துணைக்கொண்டார். ஒரு மனிதர் உயிர்வாழ ஆண்டுக்கு 34 ரூபாய் வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. அரசே தன் கைதிக்கு இன்றியமையாதது என ஒப்புக்கொண்ட கூடையை எடுத்து, அதை அரசின் குடிமகன் வாங்க இயலுமா என்று அவர் வினவினார். 1882இல் பாரிங், பார்பர் என்னும் அதிகாரிகள் இருவர் சராசரி வருமானத்தை 27 ரூபாய் என உயர்த்திக் கணக்கிட்டனர். அந்த 27உம் சிறைக்கூடையின் விலையை எட்டவில்லை என்பது நோக்கத்தக்கது.

நவுரோஜியின் எண்கள் பின்வந்தோரால் பலவாறு திருத்தப்பட்டன. ஆனால் முதலில் கூடையை வரையறுத்து, பின்னர் வருமானத்தைக் கூடையால் வகுக்கும் முறை அவர் கையில் தெளிவாக இருந்தது. கூடைக்குள் எதை வைப்பது, அது எவருடைய கூடை என்னும் சிக்கல் முழு உருவத்தோடு வெளிப்பட மேலும் அரை நூற்றாண்டு கழிந்தது. அவ்வரலாறு டெட்ராய்ட் நகரத்து ஃபோர்டு தொழிற்சாலையைச் சார்ந்தது.

1929இல் ஃபோர்டு நிறுவனம் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் தன் தொழிலை விரிவாக்க முனைந்திருந்தது. டெட்ராய்ட் தொழிலாளி தம் ஊதியத்தால் பெறும் வாழ்வை ஐரோப்பாவின் ஒவ்வொரு நகரத்திலும் பெறுவதற்கு எவ்வளவு ஊதியம் அளிக்க வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் வினா. இங்கிலாந்தில் அதன் தொழிலுக்குத் தலைமை வகித்த பெர்சிவல் பெரி இவ்வினாவை செனீவாவிலிருந்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முன் வைத்தார். ஆய்வுக்கு வேண்டிய 25,000 டாலரைப் பாஸ்டன் நகர வணிகர் எட்வர்டு ஃபைலீன் நிறுவிய இருபதாம் நூற்றாண்டு நிதியம் வழங்கியது. ஐரோப்பிய முதலாளிகள் தரப்பு இதை விரும்பவில்லை. டெட்ராய்ட்டோடு ஒப்பிட்டுத் தங்கள் தொழிலாளர் ஊதிய உயர்வு கேட்கத் தொடங்கிவிடுவர் என்னும் அச்சம் அவர்களுக்கு இருந்தது. ஓர் எளிய கணக்குக்கு அஞ்சுவார்களா என்று தோன்றலாம். கணக்கின் விடை கூலியாக மாறக்கூடும் என்று அறிந்தவர் அஞ்சத்தான் செய்வர்.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை டெட்ராய்ட்டில் 100 ஃபோர்டு குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தது. நாளொன்றுக்கு 7 டாலர் அளவில் ஈட்டும் கணவர், மனைவி, இரண்டு அல்லது மூன்று பிள்ளைகள்; வேறு வருவாய் இல்லை. அக்குடும்பங்கள் உண்டவை, உடுத்தவை, குளிருக்கு எரித்தவை, வீட்டில் வைத்திருந்தவை அனைத்தும் ஏட்டில் ஏறின. சராசரிக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 1,712 டாலர். செலவு ஏறத்தாழ 1,720 டாலர். உலகத் தொழிலாளர்க்கெல்லாம் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்ட குடும்பம் 8 டாலர் பற்றாக்குறையோடு ஆண்டை முடித்தது.

இப்பட்டியலை ஏந்தி, ஸ்டாக்ஹோம் முதல் இஸ்தான்புல் வரை ஐரோப்பிய நகரங்களில் விலை கேட்கச் சென்றவர்களை எதிர்கொண்ட இடர்ப்பாடுகள் பொருளியலை மட்டும் சார்ந்தவை அல்ல. டெட்ராய்ட்டின் கோதுமை ரொட்டிக்குப் பெர்லினின் கம்பு ரொட்டி ஈடாகுமா? காபியே குடியாத வீட்டில் காபிக்கு ஈடு எது? மைய வெப்பமூட்டும் வசதி கொண்ட மரவீட்டுக்குப் பார்சலோனாவில் இணை எது? பண்டத்தை ஒப்பிடுவதா, பண்டம் தரும் நிறைவை ஒப்பிடுவதா? மொழிபெயர்ப்பில் தோய்ந்தவர் நன்கறிந்த இடர்ப்பாடு இது. சொல்லுக்குச் சொல் வைத்தால் பொருள் போய்விடும். பொருளைக் காத்தால் சொல் மாறிவிடும்.

இதனினும் நுட்பமான சிக்கல் ஒன்றும் உண்டு. டெட்ராய்ட் கூடையை இஸ்தான்புல்லில் வாங்கினால் செலவு மிகும். ஏனெனில் அவ்வூரில் அருகிக் கிடைக்கும் பொருள்கள் அக்கூடையில் நிறைந்துள்ளன. இஸ்தான்புல் கூடையை டெட்ராய்ட்டில் வாங்கினாலும் அவ்வாறே. மக்கள் எங்கும் தம் ஊரில் மலிவாகக் கிடைப்பதையே மிகுதியாக நுகர்வதால், எவருடைய கூடையைச் சுமந்து செல்கிறோமோ அவருக்கு அயலூர் செலவு மிக்கதாகத் தோன்றும். எனவே இரு நகரங்களுக்கிடையே வாழ்க்கைச் செலவின் விகிதம் ஒன்றன்று, இரண்டு. அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணைத் தேர்வது கணிதத்தின் வேலை என்பர். உண்மையில் அது தீர்ப்பு வழங்கும் வேலை.

ஆய்வின் முடிவு 1932இல் செனீவாவில் நூலாயிற்று. அதற்குள் பெருமந்தம் டெட்ராய்ட்டைச் சூழ்ந்திருந்தது. அவ்வாண்டு மார்ச் 7ஆம் நாள், வேலையிழந்தோர் பல்லாயிரவர் ஃபோர்டின் ரூஜ் தொழிற்சாலையை நோக்கி நடத்திய பட்டினி ஊர்வலத்தின்மீது துப்பாக்கிச்சூடு நிகழ்ந்து நால்வர் அங்கே உயிரிழந்தனர். நூல் அளந்த டெட்ராய்ட் வாழ்வு, நூல் வெளிவந்தபோது டெட்ராய்ட்டிலேயே இல்லை.

அடுத்த பெருமுயற்சி தனியொருவருடையது. காலின் கிளார்க் 1940இல் வெளியிட்ட 'பொருளாதார முன்னேற்றத்தின் நிலைமைகள்' என்னும் நூலில், உலக நாடுகளின் வருமானத்தை 'பன்னாட்டு அலகு' என்னும் பொது அளவுக்குக் கொண்டுவந்தார். 1925 முதல் 1934 வரையிலான காலத்தில் அமெரிக்காவில் ஒரு டாலர் சராசரியாக வாங்கியது எதுவோ, அதுவே ஓர் அலகு. அமெரிக்கா 1,381 அலகுகளோடும் பிரிட்டன் 1,069 அலகுகளோடும் நிற்க, மனித குலத்தின் பெரும்பகுதி 200 அலகுகளின் எல்லைக்குள் அடங்கிக் கிடந்தது. உலகம் வறியது என்னும் செய்தி எண்ணாக எழுதப்பட்டது அப்போதுதான் எனலாம்.

தனியொருவர் நூலகத்தில் அமர்ந்து செய்ததை நாடுகளே கூடிச் செய்யும் முயற்சி 1968இல் தொடங்கியது. ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் அலுவலகமும் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமும் இணைந்து மேற்கொண்ட அது, பன்னாட்டு ஒப்பீட்டுத் திட்டம் எனப் பெயர் பெற்றது. இர்விங் கிராவிஸ், ஆலன் ஹெஸ்டன், ராபர்ட் சம்மர்ஸ் ஆகிய மூவரும் அதை நடத்தினர். 1975இல் வெளிவந்த முதல் அறிக்கை பத்து நாடுகளை ஒப்பிட்டது. இந்தியாவும் கென்யாவும் அவற்றுள் அடங்கும். நாணயமாற்று வீதப்படி 1970இல் இந்தியரின் சராசரி வருமானம் அமெரிக்கருடையதில் ஏறத்தாழ 2 விழுக்காடு. வாங்கும் ஆற்றலின்படி அது ஏறத்தாழ 7 விழுக்காடாயிற்று. ஏழ்மை நீங்கிவிடவில்லை, ஆனால் நாணயமாற்று வீதம் சொன்ன எண் மெய்யன்று என்பது புலனாயிற்று. 2 விழுக்காட்டில் அமெரிக்க நாட்டில் எவரும் உயிர் வாழ்ந்திருக்க இயலாது; இந்தியாவிலோ 50 கோடிக்கு மேற்பட்டோர் வாழ்ந்துகொண்டிருந்தனர்.

இவ்வேறுபாடு ஏன் எழுகிறது என்பதற்கு பேலா பலாசாவும் பால் சாமுவேல்சனும் 1964இல் தனித்தனியே விளக்கம் தந்தனர். ஏழைநாடு தொழில்துறைப் பண்டங்களை ஆக்குவதில் பின்தங்கியிருக்கும்; ஆகவே அங்குக் கூலி குறைவு. ஆனால் முடிதிருத்துவதிலும் பாடம் நடத்துவதிலும் அது அவ்வளவு பின்தங்கியிருப்பதில்லை. நாணயமாற்று வீதத்தை உறுதி செய்பவை கப்பலேறும் பண்டங்கள். கப்பலேறாத சேவைகள், கூலி குறைந்த நாட்டில் மலிந்தே கிடக்கும்.

சேவைகளை அளக்கும் இடத்தில் அளவுகோல் தடுமாறவும் செய்கிறது. அரிசிக்கு விலையுண்டு, அரசுப் பள்ளி ஆசிரியர் கற்பிப்பதற்குச் சந்தை விலை இல்லை. ஆகவே அவர் பெறும் சம்பளத்தையே அவர் ஆக்கிய பொருளின் மதிப்பாகக் கொள்கின்றனர். கற்பித்தலையும் மருத்துவத்தையும் இவ்வறிஞர்கள் 'ஒப்பீட்டுக்கு இணங்காத சேவைகள்' என்று அழைத்தனர். நல்ல பெயர்தான். எழுபது மாணவரை வைத்து நடத்தும் வகுப்பும் இருபது மாணவரை வைத்து நடத்தும் வகுப்பும் ஒன்றா என்னும் வினாவுக்கு எந்தப் பட்டியலும் விடை தருவதில்லை.

மற்றொன்று: உலகனைத்துக்கும் பொதுவான ஒரு விலையைக் காணும் முறையை ஐரிய அறிஞர் ராய் கியரி 1958இல் வகுத்தார். அம்முறையில் பெரும் செல்வ நாடுகளின் விலைகள் ஓங்கி நிற்கும். ஏழைநாட்டில் சில ஆயிரம் ரூபாய்க்கு வீட்டு வேலை செய்யும் பெண்ணின் உழைப்பைச் செல்வ நாட்டு விலைக்கு அருகில் மதிப்பிட்டால், தாளில் அந்நாடு செழித்துவிடும். அவர் வீட்டு அடுப்போ அச்செழிப்பை அறியாது.

அளவுகோலின் தடுமாற்றம் ஏட்டளவில் நிற்பதன்று. உலக வங்கி 1990இல், 1985ஆம் ஆண்டு விலையில் நாளொன்றுக்கு ஒரு டாலர் என வறுமைக்கோட்டை வரைந்தது. இக்கோடு பின்னர் 1.25, 1.90, 2.15 டாலர் எனப் பெயர்ந்து, 2025இல் 3 டாலர் ஆயிற்று. ஒவ்வொரு பெயர்ச்சிக்கும் பின்னால் ஒரு புதிய விலைக் கணக்கெடுப்பு உண்டு. 1985க்குப் பின் ஒப்பீட்டிலிருந்து விலகியிருந்த இந்தியாவும், முழு அளவில் அதற்குமுன் பங்கேற்றிராத சீனாவும் 2005ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சேர்ந்தன. முடிவுகள் வந்தபோது, இரு நாடுகளின் பொருளாதார அளவும் முன்பு கருதப்பட்டதில் ஏறத்தாழ 40 விழுக்காடு சுருங்கிப்போயின. ஒருவர் தட்டிலும் ஒரு பருக்கை குறையவில்லை. சீனாவில் 11 நகரங்களிலும் அவற்றைச் சூழ்ந்த பகுதிகளிலும் மட்டுமே விலை திரட்டப்பட்டதால் சிற்றூர்களின் மலிவு கணக்கில் ஏறவில்லை என்ற குறை அப்போதே எழுந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அச்சுருக்கத்தின் பெரும்பகுதியைத் திருப்பித் தந்தது. சஞ்சய் ரெட்டியும் தாமஸ் போகேயும் வேறொரு குறையை வலியுறுத்தினர். நாட்டின் பொதுக்கூடையில் காரும் விமானப் பயணமும் வீட்டுப் பணியாளும் உண்டு. ஏழையின் கூடையில் இருப்பதோ பெரும்பாலும் தானியம். ஏழையை அளக்க ஏழையின் கூடை வேண்டும் என்பது அவர்கள் வாதம். நவுரோஜி சிறைக்குச் சென்று தேடிய கூடை அது.

இவ்வளவும் கடந்து, தொடக்கத்தில் விட்டுவந்த நெசவாளரிடம் மீளலாம். 1998இல் பிரசன்னன் பார்த்தசாரதி, 18ஆம் நூற்றாண்டுப் பிரிட்டனின் கூலியையும் தென்னிந்தியக் கூலியையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கூலியை அவர் வெள்ளியால் அளக்கவில்லை. ஒரு வாரக் கூலிக்கு எத்தனை இராத்தல் தானியம் வாங்கலாம் என்று அளந்தார். தென்னிந்திய நெசவாளர் வாங்கக்கூடிய தானியம் பிரிட்டிஷ் நெசவாளருடையதற்குக் குறைந்ததன்று என்பது அவர் முடிவு. கூலி குறைவாயிருந்ததற்குக் காரணம் வறுமையன்று, உணவின் மலிவு. அம்மலிவுக்குக் காரணம் வயல்களின் விளைதிறன் என்று அவர் விளக்கினார். 2001இல் வந்த அவருடைய நூல், அந்நெசவாளர் முன்பணம் பெற்றும் விரும்பியபோது ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் வலிமை பெற்றிருந்ததையும், நூற்றாண்டின் பிற்பகுதியில் கும்பெனியின் ஆட்சி அவ்வலிமையைப் பறித்ததையும் விரித்துரைக்கிறது. வறுமையின் பிறந்த நாளை அவர் அங்கே குறிக்கிறார்.

நெல்லால் கூலியை அளப்பது இம்மண்ணுக்கு அயலார் கற்பித்த உத்தியன்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, இராசராசன் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் எனப் பதிவு செய்கிறது. அளக்கும் மரக்காலுக்கு ஆடவல்லான் என்று இறைவன் பெயரே வழங்கியது. அக்கல்வெட்டை வெட்டியவர்க்குப் பொன்னும் காசும் தெரியாதவை அல்ல. ஆயினும் ஒருவர் வாழ்வை உறுதி செய்ய நெல்லைத்தான் நம்பினர்.

பார்த்தசாரதியின் முடிவு எதிர்ப்பின்றி நிற்கவில்லை. ஸ்டீபன் பிராட்பெரியும் பிஷ்ணுப்ரியா குப்தாவும் 2006இல் எழுதிய கட்டுரையில், இந்தியக் கூலி வெள்ளியளவில் 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கூலியின் கால்பங்கு அளவினதே என்றும், 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காயிற்று என்றும் காட்டினர். தானியக் கூலி 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தை நெருங்கியிருந்து, பின்னரே தாழ்ந்தது என்பதை அவர்களும் ஏற்றனர். ஆனால் ஏழைநாட்டில் தானியம் மலிந்திருப்பது இயல்பே. நாட்டின் முன்னேற்றத்தைக் காட்டுவது வெள்ளிக்கூலி என்பது அவர்கள் வாதம். பலாசாவும் சாமுவேல்சனும் இருபதாம் நூற்றாண்டுக்குச் சொன்னதை அவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டுக்குப் பொருத்தினர் எனலாம். இராபர்ட் ஆலன் மூன்றாவது வழியொன்றை வகுத்தார். உயிர் வாழ்வதற்குரிய குறைந்தபட்சக் கூடை ஒன்றை அமைத்து, அதில் அந்தந்த நாட்டின் மிக மலிவான தானியத்தை வைத்தார்: இலண்டனுக்கு ஓட்ஸ், வங்காளத்துக்கு அரிசி. அதனோடு சிறிது பருப்பு, சிறிது இறைச்சி, விளக்கெண்ணெய், விறகு, ஆண்டுக்கு மூன்று மீட்டர் துணி. அவ்வளவின்படி இலண்டன் தொழிலாளி முன்னே நின்றார்.

இருதரப்பும் ஒரே வினாவுக்கு முரணான விடை தருவதாகக் கொள்வது பிழை. அந்த நெசவாளர் கடல்கடந்து வந்த பண்டத்தை எவ்வளவு வாங்கியிருக்க முடியும் என்று கேட்டால் வெள்ளி விடை சொல்லும். அவர் பிள்ளைகள் இரவில் உண்டு உறங்கினவா என்று கேட்டால் தானியமே விடை சொல்ல வேண்டும். இலண்டன் தெருவில் ஆடையைக் கிழித்தவர்களுக்கு இரண்டாம் வினா தோன்றவில்லை. வரலாற்றாசிரியர்க்கும் நெடுங்காலம் தோன்றவில்லை என்பதே வருத்தத்திற்குரியது.

அந்த இரண்டாம் வினாவிலும், தானியம் என்றால் எந்தத் தானியம் என்பது எஞ்சி நிற்கிறது. திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, 1800 ஏப்ரலில், ஆளுநர் தலைவர் வெல்லெஸ்லியின் ஆணைப்படி பிரான்சிஸ் புக்கானன் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கொங்கு, மலையாளம், கன்னடக்கரை என ஓராண்டுக்கு மேல் பயணம் செய்தார். உழவர், நெசவாளர், கூலியாள் ஆகியோரின் வருவாயையும் சந்தை விலைகளையும் ஊர்தோறும் எழுதிவைத்தார். அவர் குறிப்புகளை 2009இல் மீண்டும் கணக்கிட்ட சசி சிவராமகிருஷ்ணா, மைசூர்ப் பகுதியின் எளிய மக்கள் உண்டது அரிசியன்று, கேழ்வரகு என்பதை முன்வைத்தார். அரிசியினும் கேழ்வரகு மலிவு. கூலியை அரிசி விலையால் வகுத்தால் அம்மக்கள் ஏழைகள். கேழ்வரகு விலையால் வகுத்தால் அவர்கள் நிலை குறிப்பிடத்தக்க அளவு உயர்கிறது. கொங்கு நாட்டுக்கும் சேலத்து மேட்டு நிலத்துக்கும் இது பொருந்தும் என்று கருத இடமுண்டு. கம்பும் சோளமும் கேழ்வரகும் விளைந்த அப்பகுதிகளின் நெசவாளர் வீட்டுப் பானையில் நாள்தோறும் நெல்லரிசி வெந்தது என்று கொள்வதற்கில்லை. ஆயினும் கேழ்வரகைக் கணக்கில் ஏற்றுவதா, வறுமையின் அடையாளமென்று ஒதுக்குவதா? கூழை விரும்பி உண்டவர், அரிசிக்கு வழியின்றிக் கூழ் குடித்தவர் என்னும் இருவரையும் விலைப்பட்டியல் வேறுபடுத்திக் காட்டாது.

இவ்வழக்கைப் புக்கானனுக்கு முன்பே கன்னட நாடு விசாரித்திருக்கிறது. 16ஆம் நூற்றாண்டினரான கனகதாசர் பாடிய 'ராமதான்ய சரிதெ' என்னும் சிறுகாப்பியத்தில், அரிசியும் கேழ்வரகும் தம்முள் யார் உயர்ந்தவர் என்று வழக்காடி இராமன் முன் நிற்கின்றன. அரிசி தன் குலப்பெருமை பேசுகிறது. பஞ்ச காலத்தில் ஏழைகளைக் காப்பது தானே என்கிறது கேழ்வரகு. இராமன் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டையும் ஆறு திங்கள் சிறையில் வைக்கச் சொல்கிறான். சிறை திறந்தபோது அரிசி கெட்டுப்போயிருந்தது. கேழ்வரகு கெடாமல் இருந்தது. 'நரெதலெக' என்று வழங்கிய அத்தானியத்துக்கு இராகவன் தன் பெயரையே தந்ததால் அது இராகி ஆயிற்று என்பது கனகதாசர் கூற்று.